வாய்தா நாள் ஏழை

நாட்டில் ஏழைகள் பல வகை. பிறக்கும்போதே ஏழை, மழை பொய்த்ததால் ஏழை, மழை கொட்டியதால் ஏழை, அடுத்தவன் கடனுக்குக் கையெழுத்துப் போட்டு ஏழை. இவர்களுக்காகப் பேசக் கட்சிகள் இருக்கின்றன, எழுதப் பத்திரிகைகள் இருக்கின்றன. யாரும் கண்டுகொள்ளாத ஓர் இனம் மட்டும் பாக்கி. மாதமெல்லாம் சீமானாகத் திரிந்துவிட்டு, பிள்ளைக்கு ஜீவனாம்சம் கேட்டுப் பெண்டாட்டி போட்ட வழக்கு வாய்தாவுக்கு வருகிற அன்று காலையில் திடீரென்று ஏழையாகி, கோர்ட்டுக் கதவு சாத்துகிற நேரத்துக்குப் பூரண குணமடைந்து வீடு திரும்புகிற ஏழை. இவனுக்கு வாய்தா நாள் ஏழை என்று பெயர்.

அடையாளம் சொல்கிறேன், கேளுங்கள். வாய்தா நெருங்கும்போதே முகச்சவரம் நின்றுவிடும். கழுத்துச் சங்கிலி, விரல் மோதிரம், மணிக்கட்டுக் காப்பு எல்லாம் ஒவ்வொன்றாகக் கழன்று பீரோவுக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். கையகலப் போன் மறைந்து, ரப்பர் போட்டுக் கட்டிய பட்டன் போன் ஒன்று சட்டைப்பையில் முளைக்கும். முந்தாநாள் வரை பந்தலுக்கு இந்தப் பக்கம் பேசினால் அந்தப் பக்கம் கேட்கிற குரல், கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஆகிவிடும். ஓர் இருமல் வேறு. எந்த டாக்டருக்கும் பிடிபடாத, நீதிபதியைக் கண்டால் மட்டும் வருகிற இருமல். "எங்கிட்ட இன்னாங்க இருக்குது? கட்டிக்கினு இருக்கிற துணி இருக்குது" என்பான். அந்தத் துணியும் இரவல்.

கணக்கிலும் இவனை லேசாக நினைத்துவிடாதீர்கள். வழக்கு தாக்கலான நாளிலிருந்து இவனுடைய வருமானத்துக்குத் தேய்பிறை, பிரிந்துபோன மனைவியின் வருமானத்துக்கு வளர்பிறை. அவளிடம் இருக்கிற ஒரு தையல் மிஷின் முதல் வாய்தாவில் தையல் கடையாகும், இரண்டாவதில் ஆயத்த ஆடை நிறுவனமாகும், இன்னும் நாலு வாய்தா போனால் வெளிநாட்டுக்குக் கப்பல் விடுவாள். கார் வாங்கிய கடனைக் காட்டி, தவணை கட்டவே சரியாகப் போகிறது, பிள்ளைக்குக் கொடுக்க எங்கே மிச்சம் என்று கேட்பான். காரில் போகிறவன் அவன். தவணை கட்டுவது பிள்ளையின் வயிறு. இதையெல்லாம் கேட்டுக் கேட்டுப் பழகிய நீதிபதிகள், வாய் என்ன சொல்கிறது என்பதோடு விடாமல் ஆள் எப்படி வாழ்கிறான், உடம்பில் தெம்பு இருக்கிறதா, அப்பன் வீட்டில் இருந்திருந்தால் அந்தப் பிள்ளை எப்படி வளர்ந்திருக்கும் என்றெல்லாம் பார்க்கத்தான் பார்க்கிறார்கள். ஆனால் இவன் சும்மா இருப்பானா? அவர்கள் பார்க்கிற இடத்தையெல்லாம் முன்கூட்டியே கூட்டிப் பெருக்கி வைத்துவிடுவான்.

இந்த இனத்தின் உயர்ந்த மாதிரி ஒருவனை உங்களுக்கு அறிமுகம் செய்கிறேன். பெயர் தமிழரசன். திருநாவலூருக்குப் பக்கத்துக் கிராமம். நாற்பது வயது, நல்ல உயரம், நின்றால் இரண்டு பேர் நிற்கிற இடம் வேண்டும். ஏழு ஏக்கரில் கரும்பு. அறுவடைக் காலத்தில் ஜில்லா ஜில்லாவாகப் போய்ச் சம்பாதித்துக்கொண்டு வருகிற நெல் அறுப்பு மிஷின் ஒன்று. கல்ராயன் மலையில் கரியாலூர்ப் பக்கம், அருவி பார்க்க வருகிறவர்கள் தங்குவதற்குக் குத்தகை இடத்தில் மூன்று அறை காட்டேஜ். இவ்வளவும் வழக்குக்கு முந்தைய தமிழரசனுடையவை. வழக்கு வந்ததும் என்ன ஆயிற்று? கரும்பு அம்மா லட்சுமியம்மாள் பெயருக்குப் போனது. மிஷினும் காரும் அக்கா வீட்டுக்காரர் பூமாலை பெயருக்குப் போயின. காட்டேஜ் போக இடமில்லாமல் கொஞ்ச நாள் தவித்துவிட்டு, கடைசியில் அவனுடைய கார் டிரைவர் சின்னதுரை பெயரில் போய் நின்றது. இப்போது சட்டப்படி தமிழரசனிடம் இருப்பது ஓர் இடுப்பு வலி மட்டும்தான்.

அவனுக்கு இன்னொரு வியாதியும் உண்டு. அதன் பெயர் சுபாஷ். பங்காளி, நாலு வயது மூத்தவன், நடுவில் ஒரு வரப்பு. சுபாஷ் வாசலில் டைல்ஸ் போட்டால் தமிழரசன் கிரானைட் போடுவான். சுபாஷ் ஐயாயிரத்து ஒன்று மொய் எழுதினால் தமிழரசன் பத்தாயிரத்து ஒன்று எழுதி, எழுதுகிறவரை மைக்கில் இரண்டு தரம் வாசிக்கச் சொல்வான். சுபாஷின் மகன் வேனில் பள்ளிக்கூடம் போகிறான் என்று தெரிந்ததும், தன் மகள் இலக்கியாவை ஏசி வேன் வருகிற பள்ளிக்கூடம் எது என்று விசாரித்து அதில் சேர்த்தான். பாடம் எப்படி என்று கேட்கவில்லை. வேன் குளிருமா என்றுதான் கேட்டான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் மனைவி மணிமொழி பிரிந்து வந்துவிட்டாள். ஏன் என்பதற்கு ஊரில் ஆறேழு காரணம் சொல்கிறார்கள், நமக்கு அது வேண்டாம். உளுந்தூர்பேட்டையில் ஒரு தையல் கடையில் வேலை, அதற்கு மேலேயே ஒற்றை அறை வாடகை வீடு. இலக்கியா அம்மாவோடு இருக்கிறாள், எட்டாவது படிக்கிறாள். அப்பன் ஜம்பத்துக்குச் சேர்த்த பள்ளிக்கூடம், அப்பன் பணம் நிறுத்தியதும் வேனையும் நிறுத்திவிட்டது. பிள்ளை இப்போது டவுன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருகிறாள். ஸ்பெஷல் கிளாஸ் இருந்தால் இருட்டிவிடும். சென்னை திருச்சி லாரியெல்லாம் பறக்கிற ரோட்டோரம், ஊசியைப் பாதியில் விட்டுவிட்டு வந்து மணிமொழி நிற்பாள். இந்த வழக்கில் ஒரு தொகை கிடைக்காவிட்டால் முழுப் பரீட்சையோடு பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்துவது என்று அவள் முடிவு செய்துவிட்டாள். சிரிக்கிற நடுவில் இதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு இவன் மேல் கோபம் வருவது இந்த இடத்தில்தான். மற்ற இடத்திலெல்லாம் சிரிப்புத்தான் வருகிறது.

வாய்தா நாள் காலை. தமிழரசன் மூன்று நாள் தாடியோடு கண்ணாடி முன்னால் நின்றான். தாடி திருப்தி. பனியன் திருப்தி. சட்டைதான் சரியாக அமையவில்லை. இருப்பதிலேயே மட்டமான சட்டையும் இஸ்திரி போட்டு மொடமொடவென்று நின்றது. சின்னதுரையைக் கூப்பிட்டான்.

"டேய், உன் சட்ட ஒண்ணு எடுத்தாடா."

சின்னதுரை போய் நீலக் கட்டம் போட்ட ஒன்றைக் கொண்டுவந்தான். காலரில் நூல் விட்டிருந்தது, ஒரு பொத்தான் வேறு நிறம். தமிழரசன் முகம் மலர்ந்தது.

"அடப்பாவி, சூப்பரா இருக்குதுடா. இத்தவிடப் பழசு ஏதாவது கீதா?"

"இல்லீங்க மொதலாளி. இதாங்க நான் கல்யாணம் காட்சிக்குப் போட்டுக்கினு போறது."

தமிழரசன் அதைக் காதில் வாங்கவில்லை. அவன் கவனமெல்லாம் அக்குளைக் கிழிக்காமல் கையை நுழைப்பதில் இருந்தது. காரில் ஏறிப் பின் சீட்டில் உட்கார்ந்தான். முன்னால் வெள்ளைச் சட்டையில் சின்னதுரை. காகிதப்படி பார்த்தால் காட்டேஜ் முதலாளி வண்டி ஓட்டினார், சொத்து சுகம் இல்லாத ஒருவன் பின்னால் சாய்ந்துகொண்டு போனான்.

கோர்ட்டு வாசலில் காரில் போய் இறங்குகிற ஏழை உண்டா? தியாகதுருகத்தில் வண்டியை ஓரங்கட்டச் சொன்னான். கள்ளக்குறிச்சியில் கோர்ட்டுக்கு இரண்டு தெரு தள்ளிக் காத்திருக்கும்படி சின்னதுரையை அனுப்பிவிட்டு, கூட்டத்தோடு கூட்டமாகப் பஸ்ஸில் ஏறினான். ஏறியவன் கம்பியைப் பிடித்தான். முகத்தைச் சுருக்கினான். லேசாக ஓர் இருமல் விட்டுப் பார்த்தான். பிரமாதமாக வந்தது.

"இன்னா தமிழு, பஸ்ல வர்ற?"

ஜன்னலோர சீட்டில் சுபாஷ். சுபாஷுக்கு அன்று அதே கோர்ட்டில் வேறொருவனோடு ஒரு வரப்புத் தகராறு வழக்கு, அது தமிழரசனுக்குத் தெரியாது. அவன் எப்போதும் பஸ்ஸில்தான் போவான், காசின் அருமை தெரிந்தவன். கார் எங்கே என்று கேட்டான்.

உண்மையான ஏழை என்ன சொல்வான்? கார் ஏதுங்க என்பான். தமிழரசனாலும் சொல்ல முடியும், நீதிபதியிடம். பங்காளியிடம் சொல்வதற்கு நாக்கு எழ வேண்டுமே.

"சர்வீஸுக்கு வுட்டுக்கிறேண்ணா. இன்னொண்ணு புக் பண்ணிக்கிறேன். பெருசு."

"சட்ட இன்னா இப்பிடி இருக்குது?"

"இப்ப இதாண்ணா பேஷன். கசங்கின மாதிரியே விக்கிறான். வெல ஜாஸ்தி."

"காலர் கிழிஞ்சிருக்குதே."

"அதுக்குத் தனி வெலண்ணா."

கண்டக்டர் வந்து எங்கே என்றார். தமிழரசன் கள்ளக்குறிச்சி என்று சொல்லி ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டினான். பஸ்ஸில் என்ன கட்டணம் என்று அவனுக்குத் தெரியாது, பஸ் ஏறிப் பத்து வருஷம். சில்லறை இல்லையா என்று கண்டக்டர் கேட்டார். சுபாஷ் பார்த்துக்கொண்டிருந்தான். வேறு வழியில்லை. "மீதிய நீயே வச்சிக்க தம்பி" என்று தமிழரசன் கையை வீசிவிட்டான். தியாகதுருகத்திலிருந்து கள்ளக்குறிச்சிக்கு விமானக் கட்டணம் கொடுத்துப் போன ஏழை அவன் ஒருவனாகத்தான் இருப்பான்.

கோர்ட்டில் வழக்கைக் கூப்பிட்டார்கள். தமிழரசன் கூண்டில் ஏறினான். தோளைத் தொங்கப் போட்டு, இடுப்பில் ஒரு கை வைத்து, ஏறுவதற்கே இரண்டு மூச்சு வாங்கினான். எதிர்ப் பக்கம் மணிமொழியும் இலவச சட்ட உதவி மூலம் அவளுக்குக் கிடைத்த வக்கீல் கோகிலவாணியும் நின்றார்கள். கடைசி பெஞ்சில், தன் வழக்கு எப்போது வரும் என்று கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த சுபாஷ், தெரிந்த முகங்களைப் பார்த்ததும் கொட்டாவியைப் பாதியில் நிறுத்திக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தான். தமிழரசன் அவனைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

தமிழரசனின் வக்கீல் பெயர் கவியரசன். பெயருக்கேற்ற கற்பனை. "மேடம், என் கட்சிக்காரர் வயதான தாயாரின் தயவில் இரண்டு வேளை உண்டு காலம் தள்ளுகிறார். போதிய வருவாயற்றவர். இருந்தும் பெற்ற பாசத்தால், யாரிடமாவது கைமாற்று வாங்கியாவது மாதம் இரண்டாயிரம் தரச் சித்தமாக இருக்கிறார்" என்றார். கேட்கக் கேட்கத் தமிழரசனுக்கே தன்மேல் இரக்கம் வந்தது. கண் கலங்கிற்று. ஏழையாக இருப்பதிலும் இந்தச் சுற்றுவட்டாரத்தில் நம்மை மிஞ்ச ஆளில்லை என்று உள்ளுக்குள் ஒரு பெருமிதமும் ஓடியது.

நீதிபதி அம்மாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். "நெல் அறுப்பு மிஷின் ஒண்ணு இவர் ஓட்டறதா மனுல இருக்கே?"

"அது இவர் அக்கா வீட்டுக்காரரோடது மேடம். இவர் சும்மா கூடமாட ஒத்தாசை."

"மலையில காட்டேஜ்?"

"சின்னதுரைங்கறவரோடது மேடம்."

"அவர் யாரு?"

"டிரைவர் மேடம்."

"யாருக்கு டிரைவர்? ஒண்ணும் இல்லாதவர் எதுக்கு டிரைவர் வெச்சிருக்கார்?"

கவியரசன் கோட்டைச் சரிசெய்துகொண்டு, "காலம் அப்படி இருக்குது மேடம்" என்றார். வேறு என்னதான் சொல்வார்?

கோகிலவாணி எழுந்து, கூண்டுக் கம்பியைப் பிடித்திருந்த தமிழரசனின் கையைக் காட்டினார். வெயிலில் கறுத்த மணிக்கட்டில் இரண்டு விரல் அகலத்துக்கு வெள்ளை வெளேர் என்று ஒரு வளையம். "அங்க என்ன போட்டிருந்தீங்க?"

"அது தேமலுங்கம்மா."

"இவ்வளவு வட்டமாவா?"

"எங்க பரம்பரைக்கே அப்படித்தாங்க வரும்."

சிரிப்பு வந்ததே தவிர காரியம் ஆகவில்லை. பத்திரம் எல்லாம் சுத்தமாக இருந்தது. எதைத் தொட்டாலும் அம்மா பெயர், மாமா பெயர், டிரைவர் பெயர். மணிமொழி கேட்டிருந்தது மாதம் பன்னிரண்டாயிரம். அவன் சொல்கிற இரண்டாயிரத்தில் வேனும் வராது, பள்ளிக்கூடமும் நிலைக்காது. நீதிபதி மணிமொழியைப் பார்த்து, "நீங்க என்னம்மா சொல்றீங்க?" என்றார்.

மணிமொழி புருஷனைப் பார்த்தாள். அந்தச் சட்டை யாருடையது என்று அவளுக்குத் தெரியும். அப்புறம் கடைசி பெஞ்சைப் பார்த்தாள். அங்கே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றும் தெரிந்தது. பதினாலு வருஷம் குடித்தனம் செய்தவள், அவனை அவளை விட யார் படித்திருக்கிறார்கள்?

"அவுரு சொல்றது நெசந்தாங்கம்மா" என்றாள் மெதுவாக. "பாவங்க. வக்கில்லாதவரு."

கோகிலவாணி திடுக்கிட்டு அவள் முழங்கையைப் பிடித்தார். கூண்டுக்குள் தமிழரசனின் இருமல் பாதியில் நின்றது.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ‘போதிய வருவாயற்றவர்’ என்பது காகிதத்துச் சொல், அது யாரையும் கடிக்காது. எனக்கு எதுவும் இல்லை என்று அவனே சொல்வதும் சும்மா தன் பையைப் பற்றிய பேச்சு. வக்கில்லாதவன் என்பது ஆளைப் பற்றியது. பெண்டாட்டி பிள்ளைக்குச் சோறு போடத் துப்பில்லாதவன், சபையில் உட்காரத் தகுதியில்லாதவன், செத்தால் கூடச் சொந்தக் காசில் பாடை கட்ட முடியாதவன் எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடக்கம். அந்தப் பக்கத்து ஊர்களில் இந்தச் சொல்லுக்காக அண்ணன் தம்பி ஜென்மத்துக்கும் பேசாமல் இருந்திருக்கிறார்கள்.

"நா ஒண்ணும் கோவத்துல சொல்லலீங்க" என்று மணிமொழி தொடர்ந்தாள். குரலில் தேன். "வக்கில்லாதவருகிட்டப் போயி வேனுக்கு குடு, பீஸுக்கு குடுன்னா அவுரு எங்க போவாரு? அந்த ரெண்டாயிரமும் வேணாங்க, அவுரே வச்சிக்கினு வயித்துக்கு சாப்புடட்டும். புள்ளைக்கு அவுங்க பெரியப்பா இருக்காரு. சுபாஷ் மாமா. அவுருகிட்ட கேட்டுக்கிறோம். வசதியானவரு, இல்லன்னு சொல்ல மாட்டாரு."

கடைசி பெஞ்சிலிருந்து தொண்டையைச் செருமிக்கொண்டு சுபாஷ் எழுந்தான். காசின் அருமை தெரிந்தவன்தான். ஆனால் சபையில் பங்காளியின் தலைமேல் ஏறி நிற்கிற சந்தர்ப்பம் பரம்பரைக்கு ஒரு தரம் கூட வாய்க்காது.

"அதுக்கின்னாம்மா, நா கட்டறேன். நம்ம வூட்டுப் புள்ள. பாவம், தமிழு இன்னா பண்ணுவான். வக்கில்லாம பூட்டான்."

தமிழரசன் கழுத்தைத் திருப்பினான். பார்த்தான். அந்த நேரத்தில் அவனுக்குள் இருந்த ஏழை இறந்துபோனான்.

"யாரப் பாத்து வக்கில்லாதவன்னு சொல்ற?" குரல் கிணற்றுக்குள்ளிருந்து எழுந்து கோர்ட்டுக் கூரை ஓடு வரைக்கும் போயிற்று. இடுப்பு நிமிர்ந்தது, தோள் விரிந்தது, சின்னதுரையின் கல்யாணச் சட்டை முதுகில் நெடுகக் கிழிந்தது. "ஏழு ஏக்கரு கரும்பு யாருதுடா? உங்கப்பன் வீட்டுதா? மிஷினு யாருது? எங்க மாமனுக்கு அதுல கிளச்சு எதுன்னு தெரியுமா? நா வாங்கினது."

"அது லோன்ல ஓடுதுன்னாங்களே" என்றான் சுபாஷ், மிகவும் கவலையோடு.

"லோனா? முழுப் பணம் எண்ணி வச்சி எடுத்தது. போயி கேளு."

"காட்டேஜு மட்டும் சின்னதுரைதுதான?"

"சின்னதுரையா? அவனுக்குப் போட்டுக்கச் சட்ட இல்லடா."

அது ஒருவகையில் உண்மைதான். இருந்த நல்ல சட்டையை இவன் போட்டுக்கொண்டு வந்துவிட்டானே.

கவியரசன் கூண்டுக்குக் கீழே நின்று சட்டையைப் பிடித்து இழுத்தார். இழுத்த இழுப்பில் வேறு நிறப் பொத்தான் தெறித்து டைப்பிஸ்ட் மேஜையில் விழுந்தது. "சார், வேணாம் சார். இருமுங்க சார்" என்று கெஞ்சினார். எங்கே இருமுவது? சனி ஞாயிறானால் மூன்று அறையும் நிரம்பி வழிகிறது, மே மாதத்தில் வாடகை இரண்டு மடங்கு, மலைமேல் ஏசி வைத்த முதல் ஆள் தான்தான் என்பது வரை வந்துவிட்டான். மலையில் ஏசி எதற்கு என்று சுபாஷ் கேட்டான். "வைக்கறதுக்கு வக்கு இருக்குதுடா, வச்சேன்" என்றான் தமிழரசன். நீதிபதி அம்மாள் யாரையும் அதட்டவில்லை. பேனா ஓடிக்கொண்டிருந்தது. ஒரே ஓர் இடத்தில் மட்டும், "கரும்பு ஏழு ஏக்கர்னு சொன்னீங்களா, எட்டா?" என்று மரியாதையாகக் கேட்டார்.

"ஏழேகாலுங்கம்மா" என்றான் அவன். சுபாஷுக்கு ஏழுதான்.

மத்தியானத்துக்கு மேல் உத்தரவு வந்தது. பிள்ளை, தகப்பன் வீட்டில் இருந்தால் எந்த வசதியோடு வளர்ந்திருக்குமோ அந்த வசதிக்குக் குறையக் கூடாது, எதிர்மனுதாரரின் வசதியை அவரே சபையறியச் சொல்லிவிட்டார், தாயின் தையல் கூலி இருவர் சோற்றுக்கே போதாது, ஆகவே மாதம் பன்னிரண்டாயிரம், வழக்கு போட்ட தேதியிலிருந்து. கோகிலவாணி மூச்சு விட்டார். மணிமொழி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சுவரோடு சாய்ந்து நின்றாள்.

வெளியே வராந்தாவில் தமிழரசன் கிழிந்த முதுகோடு நின்றான். அப்போதுதான் சொன்னதெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. சுபாஷ் பக்கத்தில் வந்து, "பன்னெண்டுதானா?" என்றான். "எம் மச்சினன் கேஸ்ல பாஞ்சாயிரம் போட்டாங்களே. நாலு ஏக்கருதான் அவனுக்கு."

தமிழரசன் நேராகக் கவியரசனிடம் போனான்.

"அப்பீல் போடுங்க சார்."

"போடலாம். கம்மி பண்ண முடியுமான்னு பாப்போம்."

"கம்மியா? இத்த ஏத்த முடியுமான்னு பாருங்க."

கவியரசனுக்கு இருபது வருஷத் தொழில் அனுபவம். கோட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு டீக்கடைப் பக்கம் போய்விட்டார்.

அந்த நேரத்தில் மணிமொழி வந்தாள். ஒயர் பையிலிருந்து ஒரு எவர்சில்வர் டப்பாவை எடுத்து நீட்டினாள்.

"இலக்கியா குடுத்துச்சு."

"எனக்கா?"

"ஒண்ணுமில்லன்னு நீங்க கோர்ட்டுல குடுத்த பத்திரம் எங்களுக்கும் ஒண்ணு வந்துது, அத்த எடுத்து முழுசாப் படிச்சிட்டா. அப்பா ரெண்டு வேளதான் சாப்புடறாராம்மான்னு கேட்டா. பொய்யின்னு சொல்ல எனக்கு வாய் வரல. ஆமான்னுட்டேன். காலைல எழுந்து அவளே செஞ்சா. வெளில சாப்புடக் காசு இருக்காது, பஸ்ல வர்ற ஆளு, மறக்காமக் குடுத்துடும்மான்னா."

சொல்லிவிட்டு அவள் பஸ்ஸுக்கு நடந்துவிட்டாள்.

தமிழரசன் டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவ்வளவு செலவு செய்து, அத்தனை பேர் பெயரில் எழுதி, வக்கீல் வைத்துத் தயாரித்த அந்தப் பத்திரத்தை நீதிபதி நம்பவில்லை, எதிர்க் கட்சி நம்பவில்லை, சொந்த வக்கீலே நம்பவில்லை. உலகத்தில் அதை நம்பிய ஒரே ஆள் இலக்கியா. இரண்டு தெரு தள்ளிக் கார் நின்றது, அங்கே போகவில்லை. கோர்ட்டு மதில் ஓரமாக ஒரு சிமெண்டுத் திட்டில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தான். தக்காளி சோறு. உப்பு ஜாஸ்தி. எல்லாவற்றையும் தின்றான். அடுத்த திங்கட்கிழமையிலிருந்து உளுந்தூர்பேட்டைத் தையல் கடை வாசலில் ஏசி வேன் வந்து நிற்கிறது. அப்பீல் பற்றி அப்புறம் பேச்சில்லை.

நல்லவேளை, நான் கோர்ட்டு வாசலை மிதித்ததே இல்லை, என் குடும்பம் என்னோடு ஒரே கூரையில்தான் இருக்கிறது என்று நீங்கள் நிம்மதியாக மூச்சு விடுவது எனக்குக் கேட்கிறது. விடுங்கள். ஆனால் இந்த இனம் வளரக் கோர்ட்டுதான் வேண்டும் என்று யார் சொன்னது? போன மாதம் பிள்ளை ஒரு சைக்கிள் கேட்டபோது, "இந்த மாசம் ரொம்பக் கஷ்டம் கண்ணு, அப்பாகிட்ட ஒண்ணுமே இல்ல" என்று முகத்தைச் சுருக்கிச் சொன்னது யார்? அதே வாரம் மைத்துனர் வீட்டு விசேஷத்தில், பக்கத்தில் நிற்கிறவர் என்ன எழுதுகிறார் என்று எட்டிப் பார்த்துவிட்டு அதற்கு மேலே ஒரு ரூபாய் சேர்த்து எழுதிய கை யாருடையது? வீட்டில் நீதிபதி இல்லை, எதிர் வக்கீல் இல்லை. பிள்ளைகள் குறுக்கு விசாரணை செய்வதில்லை. அப்படியே நம்பிவிடுகிறார்கள்.

ஆகவே ஒரு சின்ன யோசனை. இன்றைக்கு வீட்டுக்குப் போனதும், யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்துப் பிள்ளையின் உண்டியலை ஒரு தரம் தூக்கிப் பாருங்கள். கனம் கூடியிருந்தால் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருங்கள். அது உங்களுக்காகச் சேர்வதாக இருக்கலாம்.